தென்னையும் கதிர்க்குருவியும்: கசின் தீவின் வரலாறு

இந்து சமுத்திரத்தின் மேற்குப் பாகத்தில் அமைந்த சீசெல்சுத் தீவுகளில் 1770 ஆம் ஆண்டுவரை நிலையான மனிதக் குடியிருப்பு இருந்ததில்லை. அவ்வாண்டில் பிரெஞ்சுக்காரர் அடிமைகளுடன் வந்து குடியேறினர். 1814 இல் தீவுகள் பிரித்தானியர் வசமாயின. 1835 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், ஆள்வலு மிகுதியாக வேண்டிய பயிர்கள் கட்டுபடியாகாது போகவே, தோட்டச் சொந்தக்காரர் சிலரைக் கொண்டே நடத்தக்கூடிய தென்னையை நாடினர். கொப்பராவுக்காகச் சின்னஞ்சிறு தீவுகளும் காடழிக்கப்பட்டன. விடுதலை பெற்றோர் மீது இதற்குப் பழி கூறுதல் பொருந்தாது. நிலம் முழுவதையும் ஒரே பயிருக்கு ஒப்புக்கொடுத்த பெருந்தோட்டப் பொருளாதாரத்தையே அது சாரும்.

இம்மாற்றத்தால் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டது சீசெல்சுக் கதிர்க்குருவி. 1877 இல் விஞ்ஞான உலகுக்கு விவரிக்கப்பட்ட இப்பறவை, பசுமை கலந்த மங்கிய கபில நிறமுடையது. கண்ணைக் கவரும் எழில் யாதுமற்றது. அதன் இனிய பாட்டே அதற்கு அணி. அகன்ற இலைகளின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிகளே அதன் பிரதான உணவு. தென்னோலையில் அத்தகைய இரை அரிது. மரியான் முதலிய தீவுகளிலிருந்து மறைந்த இக்குருவி, இறுதியில் சுமார் 29 ஹெக்டேர் பரப்புடைய கசின் தீவில் மட்டுமே எஞ்சியது. அத்தீவில் எலிகள் ஒருபோதும் குடிகொள்ளாமை அதன் நற்பேறு எனலாம். ஆயினும் 1960களில் முப்பதுக்கும் குறைவான பறவைகளே அங்கு உயிர்தரித்திருந்தன.

1968 இல் சர்வதேசப் பறவைப் பாதுகாப்பு மன்றம் இத்தீவை விலைக்கு வாங்கிற்று. ஒரு குருவிக்காக ஒரு தீவையே வாங்குதல் அக்காலத்தில் புதுமையான செயல். அதன்பின் நிகழ்ந்ததோ மிக எளிது: தென்னங்கன்றுகள் அகற்றப்பட்டன, பழைய காடு தானே மீண்டெழ விடப்பட்டது. அக்காட்டின் முதன்மை மரமான பிசோனியா நமக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்து வளவுகளில் வெளிர்பச்சை இலைகளுடன் நிற்கும் சண்டி மரம் அதன் இனமே. நாம் வறை வறுக்கும் இலையின் உறவினத்தில் அக்குருவி தன் இரையைத் தேடிற்று. 1980களின் முற்பகுதியில் அதன் தொகை முந்நூறைத் தாண்டித் தீவு நிறைந்துவிட்டது.

நிறைவே புதிய இடரையும் தோற்றுவித்தது. ஒரு புயலோ நோயோ இனம் முழுவதையும் அழித்துவிடக் கூடும். 1988 இல் 29 பறவைகள் அரீட் தீவுக்கும், 1990 இல் மேலும் 29 கசீன் தீவுக்கும் கொண்டு செல்லப்பட்டன. (கசின், கசீன் இரண்டும் வெவ்வேறு தீவுகள்.) இப்பணியில் ஈடுபட்ட ஒல்லாந்த விஞ்ஞானி யான் கொம்டர் இதனை ஓர் ஆராய்ச்சியாகவும் ஆக்கினார். கசினில் வளர்ந்த குஞ்சுகள் பல, பெரும்பாலும் பெண்கள், தனிக்குடும்பம் அமைக்காது பெற்றோருடன் தங்கி அடுத்த குஞ்சை வளர்க்க உதவின. இது பாசமா, இடமின்மையா என்ற வினாவுக்கு அரீட் விடை தந்தது: வெற்றிடம் கிடைத்த இளம்பறவைகள் உடனேயே கூடுகட்டின. இரைவளம் மிக்க எல்லையில் தாய்ப்பறவை பெண்குஞ்சுகளையும், வளமற்ற எல்லையில் ஆண்குஞ்சுகளையும் மிகுதியாக ஈனுகின்றது என்ற அவரது 1997 ஆம் ஆண்டு முடிபு உயிரியலாளரை வியப்பிலாழ்த்தியது.

பின்னர் 2004 இல் டெனிஸ் தீவுக்கும் 2011 இல் ஃபிரகேட் தீவுக்கும் பறவைகள் அனுப்பப்பட்டன. 2015 இல் இவ்வினம் அழிவாபத்துக்குள்ளான இனங்களின் வரிசையினின்றும் நீக்கப்பட்டு, அதற்கு அண்மித்த நிலையில் வைக்கப்பட்டது. எனினும் இழந்தவை யாவும் மீளவில்லை. நூதனசாலைகளில் பேணப்பட்ட பழைய தோல்களின் மரபணுக்களை இன்றைய பறவைகளுடன் ஒப்பிட்டபோது, முன்னிருந்த மரபணுப் பல்வகைமையின் ஒரு பகுதி மறைந்துவிட்டமை புலனாயிற்று. இன்று ஐந்து தீவுகளில் வாழும் கதிர்க்குருவிகள் அனைத்தும் கசினில் எஞ்சிய அச்சிலவற்றின் வழித்தோன்றல்களே.