பளைச் சந்தியின் கதை

வரலாற்றைக் கோட்டைகளிலும் கோவில்களிலும் தேடுவோர் பலர். பெருவீதியோரத்துச் சந்தியொன்றும் வரலாறு கூறவல்லது. ஆனையிறவையும் இயக்கச்சியையும் கடந்து கண்டி வீதியில் வடக்கே செல்வோர் காணும் பளை, அத்தகையதோர் இடமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலப்பரப்புடன் இணைக்கும் ஒடுங்கிய நிலவழியில், தென்னந்தோட்டங்கள் சூழ்ந்த மணற்பூமியில் அவ்வூர் அமைந்திருக்கிறது. குடாநாட்டுக்குத் தரைவழியே போவோர் வருவோருட் பெரும்பாலார் அதனைக் கடந்தே ஆகவேண்டும். அதன் வாழ்வும் தாழ்வும் இவ்வொன்றிலேயே தங்கியிருந்தன.

காங்கேசன்துறையிலிருந்து தெற்கு நோக்கி அமைக்கப்பட்ட இருப்புப்பாதை, சாவகச்சேரியைக் கடந்து 1902ஆம் ஆண்டில் பளையை அடைந்தது. வன்னிக் காடுகளினூடாக வரவேண்டிய பாதை அப்பொழுது முற்றுப்பெறவில்லை. ஆகவே, வடக்கிலிருந்து வந்த வண்டிகளுக்குச் சில காலம் பளையே கடைசி நிலையமாயிற்று. 1905 ஆகஸ்டில் கொழும்பும் யாழ்ப்பாணமும் இணைந்தபின், அது வழியிடை நிலையங்களுள் ஒன்றாக அமைதியுற்றது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது.

1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோது, பளையை உள்ளடக்கிய பச்சிலைப்பள்ளியும் அதனுட் சேர்ந்தது. 1990 ஜூனில் வடபகுதிப் புகையிரத சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தபின், பளைக்கு வடக்கே முகமாலை போர்முனையாயிற்று. 2002இல் கண்டி வீதி திறக்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரியில் பளை இராணுவத்தின் வசமாயிற்று. வழிப்போக்கரால் வாழ்ந்த சந்தி, வழியின்றிக் கிடந்த காலம் இதுவே.

இந்தியாவின் கடனுதவியுடன் பாதை மீண்டும் போடப்பட்டது. 2014 மார்ச் 4ஆம் திகதி தெற்கிலிருந்து புகையிரதம் பளையை வந்தடைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் திகதி அது யாழ்ப்பாணம் செல்லும்வரை, ஏழு மாதங்கள் பளை மறுபடியும் கடைசி நிலையமாக விளங்கியது. பயணிகள் அங்கே இறங்கிப் பேருந்தேறி யாழ்ப்பாணம் சென்றனர். 1902இல் பாதை பளையில் நின்றது, அப்பால் இன்னும் போடப்படாமையால். 2014இல் நின்றது, போட்டிருந்தது பெயர்க்கப்பட்டமையால். முதலாவது, வளர்ச்சியின் இடைநிறுத்தம். இரண்டாவது, இழப்பின் கணக்கு.

எனினும், பாதை மீண்ட வேகத்தில் ஊர் மீளவில்லை. நட்ட தென்னம்பிள்ளை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். முகமாலை மண்ணிற் புதைந்த கண்ணிவெடிகளை அகற்றவோ அதனினும் நெடுங்காலம் வேண்டியிருந்தது. வண்டியிற் கடந்து செல்வோர்க்குப் பளை சில நிமிடப் பொழுது. அங்கு காணி வைத்திருந்தோர்க்கோ, வீட்டு வாசலை மீண்டும் மிதிப்பதற்கே ஆண்டுகள் பல சென்றன. சந்தியின் வரலாற்றை அளக்க இவ்விரு கணக்குகளும் வேண்டும்.