போய்வருதலின் வரலாறு: இலங்கை பெர்மிட் குறித்துச் சில குறிப்புகள்

இலங்கை மலையகத் தமிழரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு சொற்களைச் சுற்றியே வருகின்றன. ஒன்று ‘குடியேற்றம்’, மற்றது ‘தாயகம் திரும்புதல்’. முன்னதில் ஆட்கள் ஒரு தடவை போகிறார்கள். பின்னதில் ஒரு தடவை வருகிறார்கள். இடையில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள் என்பதற்கு இந்தச் சொற்களில் இடமில்லை. ஊர்ப்பக்கத்தில் இதற்கு இருந்த சொல் வேறு: ‘கண்டிக்குப் போயிட்டு வர்றது.’ சந்தைக்குப் போயிட்டு வர்ற மாதிரி. இந்தப் ‘போயிட்டு வர்றது’ முதலில் ஒரு தாள் பிரச்சினையாகவும் பிறகு குற்றமாகவும் ஆக்கப்பட்ட விதத்தைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ரயிலேறியவர் ஒரே பயணமாகக் கொழும்பில் போய் இறங்கலாம். 1920களின் பிற்பாதியில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் இந்த வழியாக இலங்கைக்குள் போனார்கள். பல்லாயிரக்கணக்கானோர் திரும்பியும் வந்தார்கள். இவர்களில் எத்தனை பேர் புதியவர்கள், எத்தனை பேர் ஊருக்கு வந்துவிட்டு மறுபடி போகிற பழைய ஆட்கள் என்று பிரித்துப் பார்க்காமல், மொத்தத்தையும் ‘குடியேற்றம்’ என்று கூட்டிச் சொல்வது நம் ஆய்வாளர்களின் பழக்கமாகிவிட்டது.

பாஸ்போர்ட் இல்லாத அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. ராமநாதபுரம் கடற்கரையில் இருந்த மண்டபம் முகாமை நடத்தியது இலங்கை அரசு. காலராவுக்கும் அம்மைக்கும் பயந்து தொழிலாளர்களை அங்கே நாள்கணக்கில் அடைத்துவைத்து, மருந்தடித்து, குத்தி அனுப்பினார்கள். எல்லை என்பது கடலில் இல்லை. இந்தியத் தரையிலேயே தொடங்கிவிட்டது. கங்காணியிடம் பட்ட கடனும், அக்கடனைக் குறித்துத் தோட்டம்விட்டுத் தோட்டம் போகும்போது கூடவே போன ‘துண்டு’ம் (1921இல்தான் அது ஒழிந்தது) வேறு கதை. துரைமார் தடையில்லாப் போக்குவரத்தை விரும்பியது தொழிலாளியின் சுதந்திரத்துக்காக இல்லை, அவனுடைய மலிவான உழைப்புக்காக.

ஆனாலும் அதே போக்குவரத்தைத் தொழிலாளி தன் வழியில் பயன்படுத்தினான் என்பதை மறந்துவிடக்கூடாது. போனவர்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர் முதலிய தாழ்த்தப்பட்ட சாதியினர். பண்ணையாரின் கொடுமை தாங்காதபோது தோட்டம் இருந்தது. கங்காணியின் கொடுமை தாங்காதபோது ஊர் இருந்தது. இரண்டும் நரகம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு நரகங்களுக்கு நடுவே ஒரு வழி திறந்திருப்பதே ஒரு பலம். ஒற்றை இடத்தில் கட்டிப்போடப்பட்டவனுக்கு இந்தப் பலம் இல்லை.

இந்த வழியை முதலில் மறித்தது இந்திய அரசு. இலங்கை அரசுத் துறைகளில் இந்தியத் தினக்கூலிகளை வேலையைவிட்டு நீக்கியதற்கு எதிர்நடவடிக்கையாக, 1939 ஆகஸ்டில் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. தேசிய மானம் காப்பாற்றப்பட்டது. மானத்துக்கு விலை கொடுத்தவர்கள் தோட்டத்தில் இருந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின்னே வந்தவை மூன்று சட்டங்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம், அதே ஆண்டில் நிறைவேறி 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு குடியகல்வுச் சட்டம், 1949இன் இந்திய பாகிஸ்தானியர் (குடியுரிமை) சட்டம். மூன்றையும் தனித்தனியாகப் படிப்பதால்தான் நாம் ஏமாறுகிறோம். சேர்த்துப் படித்தால் ஒரு பொறி தெரியும். ஊருக்குப் போய்த் திரும்ப நினைத்த ஒருவர் முன்னே இப்போது சில தாள்கள் நீட்டப்பட்டன. குறுகிய காலத்துக்கான வருகை விசா. காலக்கெடு முடியுமுன் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய தற்காலிக வதிவிட அனுமதி (ஜனங்கள் பேச்சில் ‘டி.ஆர்.பி.’). இல்லையென்றால் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பம். இந்திய அரசியல் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி இந்தியத் தூதரகத்தில் இந்தியராகப் பதிந்துகொள்வது வேறொரு வழி. எதை எடுப்பது?

குடியுரிமை கேட்பவர் 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ச்சியாக, மணமானவரென்றால் 7 ஆண்டும் மணமாகாதவரென்றால் 10 ஆண்டும் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். ஒரு தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். மனைவியும் பிள்ளைகளும் கூட இருந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நிரந்தரமாகக் குடியமர்ந்தவர்’ என்று மெய்ப்பிக்க வேண்டும். டி.ஆர்.பி.யின் பெயரிலேயே ‘தற்காலிகம்’ இருக்கிறது. அதைக் கையில் வாங்கியவர் நிரந்தரம் என்று வாதாடுவது எப்படி? வாங்காமல் ஊருக்குப் போனால் திரும்பி வருவது எப்படி? தகப்பனார் சாகக்கிடக்கிறார் என்று தந்தி வந்தவர் இந்தக் கேள்விக்கு ஒரே நாளில் விடை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வந்துபோகிற உரிமையைத் தேர்ந்தெடுத்தால் அந்நியன்; இருக்கிற உரிமையைத் தேர்ந்தெடுத்தால் ஊர் இல்லாதவன். இதைத் தேர்வு என்று அழைப்பது சட்டத்தின் மொழி. அந்த மொழிக்குள்ளிருந்தே நாமும் வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. 1948 சட்டப்படி, இலங்கையில் பிறந்தவனே ஆனாலும் அவனுடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். நம்மிடம் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. தோட்டத்தில் வாழ்ந்த பெண்ணுக்குத் தாய்வீடு திருச்சிப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ இருந்தால், அவள் அங்கே பெற்றெடுத்துக் கைக்குழந்தையோடு திரும்பிய தலைமகன் சட்டத்தின் பார்வையில் இலங்கையில் பிறந்தவன் இல்லை. அவன் மகன் தோட்டத்து லயத்திலேயே பிறந்து லயத்திலேயே வளர்ந்தாலும் வம்சாவளிக் குடியுரிமை அவனுக்குக் கிடைக்காது. ஒரு பாட்டி தன் அம்மாவைத் தேடிப் போன பயணம், பேரனின் ஓட்டைப் பறித்தது. பெண்களின் போக்குவரத்தை வரலாற்றில் எங்கேயும் பதிந்து வைக்காதவர்கள், தண்டனைக்கு மட்டும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

வியாபாரிகளின் நிலையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார் கடைகளில் ஏஜெண்டு மூன்று வருஷத் தவணைக்குப் போய், கணக்கு முடித்து ஊர் திரும்புவது முறை. பெண்டுபிள்ளைகள் செட்டிநாட்டில். அந்தத் தொழிலின் உடம்பே போய்வருவதுதான். அவர்களுக்கு டி.ஆர்.பி. பொருந்தியது, அது புதுப்பிக்கப்படும்வரை. அவர்கள் இழந்தது முதலீடு. அதற்குப் பேசத் தூதரகங்களும் வர்த்தகச் சங்கங்களும் இருந்தன.

குடியுரிமைச் சட்டத்தைப் புறக்கணிக்கும்படி இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் சொல்லிற்று. பிறகு மனம் மாறியது. 1951 ஆகஸ்டில் கெடு முடிவதற்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றுக்குள் அடங்குவர். பத்தாண்டுக்கு மேல் நீண்ட விசாரணையின் முடிவில் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்.

தாள் கிடைக்காதவர்கள் தோணி ஏறினார்கள். வேதாரண்யத்துக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையில் காலங்காலமாக ஓடிய தோணி ‘கள்ளத்தோணி’ ஆயிற்று. தோணி மாறவில்லை, கடல் மாறவில்லை. முன்னொட்டு மட்டும் சேர்ந்தது. அதுவும் படகைவிட்டு இறங்கி மனுசன்மேல் ஏறிக்கொண்டது. 1954 ஜனவரியின் நேரு - கொத்தலாவலை ஒப்பந்தம், பதிவேட்டில் இல்லாதவரின் தாய்மொழி இந்திய மொழியாக இருந்தால் அவரைச் சட்டவிரோதக் குடியேறி என்றே அனுமானிக்கலாம் என்றது. தமிழ் பேசுவதே சாட்சியம்! இதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் நேரு என்பதை நம் தேசிய வரலாறுகள் மெல்லிய குரலில்கூடச் சொல்வதில்லை.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று பிரித்தார்கள். இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1984இல் அதுவும் நின்றது. பழைய மண்டபம் முகாமில் இப்போது எதிர்த்திசையிலிருந்து வந்தவர்கள் இறக்கிவிடப்பட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒருவழிப் பயணத்துக்கான தாள். ஒப்பந்தத்தின் கணக்கில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் ஆன குடும்பங்கள் உண்டு. அண்ணன் சாவுக்குப் போக வேண்டுமென்றால் கோத்தகிரியில் இருக்கும் தம்பி பாஸ்போர்ட் எடுத்து, சுற்றுலாப் பயணி என்று எழுதிக் கொடுத்து, விசா வாங்க வேண்டும்.