எட்டுக் கோப்பைத் தேநீரும் உளவியலின் கணக்கும்

மனத்தைப் பற்றிப் படிக்கும் ஆவலோடு உளவியல் வகுப்புக்குள் நுழையும் மாணவரைத் தொடக்கத்திலேயே புள்ளியியல் மறிக்கிறது. டி-சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஒரு முடிவு தற்செயலாலேயே அமையும் வாய்ப்புக்கு வகுத்த 0.05 என்ற எல்லைக்கோடு ஆகியவை எங்கிருந்து வந்தன என்பதைப் பாடநூல்கள் அரிதாகவே சொல்கின்றன. உண்மையில் டி-சோதனையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் மனத்தை ஆராயப் பிறந்தவையே அல்ல.

லைப்சிக் நகரில் 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய ஆய்வகத்தில் சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் பெரும்பாலும் ஒரே சிறு வட்டத்தினர். 1885-இல் வெளியான ஹெர்மன் எபிங்ஹாஸின் நினைவாற்றல் ஆய்வில் பொருளற்ற அசைகளை மனனம் செய்தவர் அவர் ஒருவர்தான். ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடும் தேவை அங்கே எழவில்லை.

தேவை எழுந்தது பீர் ஆலையில். டப்ளின் கின்னஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட் சொற்ப மாதிரிகளை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரையே டி-சோதனைக்கு வித்து. பிறகு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், உரமும் விளைச்சலும் பற்றிய கணக்குகளுக்கு நடுவே, ரொனால்டு ஃபிஷர் மாறுபாட்டுப் பகுப்பாய்வை உருவாக்கினார். ஆய்வாளர்களுக்கான அவரது கையேடு 1925-இல் வந்தது.

அவர் 1935-இல் எழுதிய சோதனை வடிவமைப்பு நூலின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு மட்டும் வயலைச் சார்ந்ததல்ல. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று சுவைத்தே சொல்லிவிடுவதாக ஒரு பெண்மணி கூறுகிறார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில். அந்த நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. குருட்டு ஊகத்தில் நான்கும் சரியாக அமைய 70-இல் ஒரு வாய்ப்பு. குறைந்தது மூன்று சரியாக அமைவதற்கோ 70-இல் 17 வாய்ப்பு. அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. புலனுணர்வு பற்றிய இக்கேள்வி அசல் உளவியல் சோதனைதான். சூத்திரத்துக்கு முன் இந்தக் கோப்பைகளை மேசையில் வைத்தால் நிகழ்தகவு எவருக்கும் விளங்கும்.

உளவியல் பாடநூல்கள் அந்த வழியில் போகவில்லை. புள்ளியியலாளர்கள் ஜெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933-இல் வேறொரு கோட்பாட்டை முன்வைத்திருந்தார்கள். இல்லாத விளைவை உண்டென்பது, உள்ள விளைவைத் தவறவிடுவது என்ற இருவகைப் பிழைகளையும், உள்ள விளைவைக் கண்டறியும் சோதனையின் திறனையும் முன்கூட்டியே எடைபோட வேண்டும் என்பது அவர்கள் நிலை. ஃபிஷர் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஓயாத அந்தச் சண்டையை மறைத்து, இரு தரப்பையும் ஒன்றாகப் பிசைந்து, பெயரில்லாத ஒற்றை முறையாகவே பாடநூல்கள் மாணவருக்குக் கொடுத்தன. உளவியல் கல்விக்கு இழைக்கப்பட்ட பெருந்தீங்கு இது. எல்லா ஆய்வுக்கும் ஒரே எல்லைக்கோட்டை எந்த விஞ்ஞானியும் கைக்கொள்வதில்லை என்று ஃபிஷரே 1956-இல் எழுதினார்; ஆனாலும் வகுப்பறையில் 0.05 வேதமாக நிலைத்தது.

திறனைக் கணக்கில் கொள்ளாததன் பலனை உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1962-இல் அளந்தார். ஓர் உளவியல் இதழின் 1960-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில், நடுத்தர அளவிலான விளைவைக் கண்டறியும் திறன் ஏறக்குறைய பாதிதான். நாணயத்தைச் சுண்டுவதற்குச் சமம். எச்சரிக்கை அரை நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி நடத்திப் பார்த்தபோது, முன்பு 97 ஆய்வுகள் எட்டியிருந்த மிகைகாண் நிலையை, அதாவது அந்த 0.05 எல்லைக்கோட்டை, ஏறத்தாழ 36 சதவீதம் மட்டுமே மீண்டும் எட்டின.

முன்கூட்டியே தீர்மானி என்ற 1933-இன் கோரிக்கை இப்போது வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. ‘கார்டெக்ஸ்’ இதழ் 2013-இல் தொடங்கிய ஏற்பாட்டில், தரவு திரட்டப்படுவதற்கு முன்பே கேள்வியையும் முறையையும் மட்டும் படித்துவிட்டுக் கட்டுரையை ஏற்பதா என்று முடிவெடுக்கிறார்கள்.