தாங்கி இலக்கம் 91

சீனன்குடாப் பக்கம் ஒரு எண்ணெய்த் தாங்கியின் உருகிய சுவர் நிற்குது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் எரிந்தது. தாங்கி போயிட்டுது, நாங்கள் இன்னும் அதை 91 எண்டுதான் சொல்லுறம். பதிவேட்டு வேலை தெரிந்தவர்களுக்கு விளங்கும்: இலக்கம் மாறக்கூடாது, அதோடு சேர்ந்த விபரங்கள் மாறலாம். பிரித்தானியர் கட்டிய இந்தக் குதத்தில் மாறிக்கொண்டே இருந்தது 'யாருடையது' என்ற கட்டம். 1987 ஒப்பந்தக் கடிதங்களிலும் அதுதான் பேச்சு. 2003இல் லங்கா ஐஓசி வந்தது. 2022 ஜனவரியில் 99 தாங்கிகளையும் பிரித்தார்கள்: ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. கூட்டினால் கணக்குச் சரி. ஆனால் 61ஐயும் ஒரே வரியில் எழுதினால், எது ஓட்டை, எது பாவிக்கலாம் எண்டு ஊர்ச்சனம் எப்பிடிப் பார்க்கிறது? ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனி வரி எழுதி எல்லாரும் பார்க்க வைக்கோணும்.