கரடி ஈரலும் கண் மாத்திரையும்

மாலைக்கண் நோய்க்கு ஈரல் நன்மருந்து என்பதைப் பண்டைக் கிரேக்க மருத்துவர்களும் எழுதி வைத்துள்ளனர். அதே ஈரல் ஆளைப் படுக்கையில் வீழ்த்தவும் வல்லது என்பதை 1597-ஆம் ஆண்டில் ஒல்லாந்து மாலுமிகள் சிலர் உடல் நொந்து கற்றனர். வடதுருவக் கடலில் நோவாயா செம்லியா தீவில் பனியிடைச் சிக்கிய அவர்கள், வெண்கரடி ஒன்றைக் கொன்று அதன் ஈரலைச் சமைத்துண்டனர். அனைவரும் நோயுற்றனர், மூவருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்தது. இது கண்ட தலைவர் எஞ்சிய ஈரலைப் பானையோடு வெளியே எறிந்துவிட்டார். அறிவுடைய செயல்தான்!

காரணம் விளங்க மூன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1913-இல் அமெரிக்க அறிஞர் மெக்காலமும் டேவிசும் வெண்ணெயிலும் முட்டைக் கருவிலும் ஓர் அரிய சத்தைக் கண்டறிந்தனர். அதுவே பின்னர் உயிர்ச்சத்து ‘ஏ’ எனப் பெயர் பெற்றது. வெண்கரடியின் ஈரலில் அது மிகப் பேரளவில் குவிந்துள்ளது என்பதை 1943-இல் ரோடாலும் மூரும் மெய்ப்பித்தனர். நீரில் கரையும் சத்து மிகுந்தால் பெரும்பாலும் சிறுநீரோடு கழிந்துவிடும்; இதுவோ கொழுப்பில் கரைவது. ஈரலில் தங்கிச் சேரும். அளவு மீறினால் தலைவலி, வாந்தி, ஈரல் கேடு ஆகியவற்றைத் தரும். கருவுற்ற பெண்டிர் மிகுதியாக உண்டால் குழந்தை குறையோடு பிறக்கவும் கூடும்.

ஆனால் சத்துக் குறைந்த குழந்தைக்கு அதுவே உயிர் காப்பது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சிறுவர் ஏறத்தாழ 15,000 பேரிடம் நடந்த ஆய்வொன்று 1990-இல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிதளவு பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

பச்சிலைகளிலும் காரட்டிலும் உள்ள ‘கரோட்டின்’ இத்தகைய அச்சம் தராதது என்றே எல்லாரும் நம்பினர். உடல் வேண்டும் அளவே அதை உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்ளும். மிகுந்தால் தோல் மஞ்சளாகும், அவ்வளவே. இந்த நம்பிக்கை 1994-இல் உடைந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், நாளும் 20 மில்லிகிராம் கரோட்டின் உண்டவர்க்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்தது. புற்றைத் தடுக்கும் என்று எண்ணிக் கொடுத்த மருந்து அது! அமெரிக்காவிலும் கரோட்டினும் உயிர்ச்சத்து ‘ஏ’யும் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வில் 28 விழுக்காடு மிகவே, 1996-இல் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அந்நாளில் அமெரிக்கத் தேசியக் கண் நிலையம் முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி நலிவதைத் தடுக்கக் கரோட்டின் கலந்த மாத்திரையை ஆய்ந்துகொண்டிருந்தது. 2001-இல் முடிவு வந்தது. நோய் ஓரளவு முற்றியவர்க்கு அது மேலும் முற்றும் வாய்ப்பு 25 விழுக்காடு குறைந்தது, கண்புரைக்கோ பயனில்லை. நல்ல கண்ணுடையார் வாங்கி உண்பதற்கு இவ்வாய்வு சான்றாகாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. அம்மாத்திரையில் துத்தநாகம் 80 மில்லிகிராம் இருந்தது. துத்தநாகம் மிகுந்தால் உடலில் செம்பு குறைந்து சோகை வரும். ஆகவே செம்பும் 2 மில்லிகிராம் சேர்த்தனர். அவ்வாறிருந்தும், துத்தநாகம் உண்டவர்களில் சிறுநீர் உறுப்புக் கோளாறுகளால் மருத்துவமனை சென்றோர் மிகுதி.

அடுத்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. கரோட்டினுக்கு மாற்றாகக் கீரைகளில் உள்ள லூட்டின், சியாசாந்தின் என்பவற்றை அதில் ஆய்ந்தனர். புகைபிடிப்போர்க்கும் அண்மையில் விட்டவர்க்கும் கரோட்டின் கொடுக்கப்படவில்லை. அவ்வளவு காத்தும், கரோட்டின் உண்டவருள் 2.0 விழுக்காட்டினர்க்கும் உண்ணாதவருள் 0.9 விழுக்காட்டினர்க்கும் நுரையீரல் புற்று கண்டது. நோயுற்றோருள் 91 விழுக்காட்டினர் ஒரு காலத்தில் புகைபிடித்து, அதை விட்டவர்கள்.