உறை முதல் பால்மானி வரை: பெருமாட்டி எல்லையும் பாலின் தரச்சோதனை வரலாறும்

முன்னுரை

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊராட்சி பெருமாட்டி ஆகும். பொள்ளாச்சியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை மீனாட்சிபுரத்தில் கேரளத்துக்குள் நுழைகிறது. அவ்விடத்துச் சோதனைச் சாவடியில் கேரளப் பால்வளத் துறையின் பால் சோதனை நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. கொல்லம் மாவட்டத்து ஆரியங்காவு, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாறசாலை ஆகிய இடங்களிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. எல்லை கடந்து வரும் பாலை நிறுத்திச் சோதித்த பின்னரே உள்ளே விடுதல் இவற்றின் பணி.

பாலை நம்பலாமா என்னும் வினா தமிழர் வாழ்வில் புதியதன்று. அவ்வினாவுக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடையே வேறுபட்டுள்ளது. சங்க காலத்தில் விற்பவளின் முகமும், சோழர் காலத்தில் முத்திரை பெற்ற அளவையும், இன்று வேதிப்பொருள் காட்டும் நிறமும் அவ்விடையாக அமைந்தன. இம்மாற்றத்தின் வரலாற்றை இலக்கியம், கல்வெட்டு, சட்டம், ஆய்வகம் ஆகிய நான்கின் வழி நோக்கி, பெருமாட்டி எல்லையில் இன்று எழும் சிக்கலை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியத்தில் பாலின் தரம்

முல்லைத் திணையின் ஆயர் வாழ்வைப் பாடும் பனுவல்களில் பால்படு பொருள்கள் பற்றிய செய்திகள் மிகுதியாக உள்ளன. பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகள், விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்று, பெற்ற கூலத்தால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யின் விலையாகப் பொன்னை ஏலாது எருமையையும் பசுவையும் பெறுகிறாள். இங்குத் தரத்துக்குப் பொறுப்பு விற்பவளையே சாரும். நாள்தோறும் அதே தெருவுக்கு வந்தாக வேண்டியவள் அவள். அந்த வருகையே வாங்குவோர்க்குப் பிணையாக அமைந்தது எனலாம்.

புறநானூற்று 276ஆம் பாடல் இன்னொரு நுட்பத்தை உணர்த்துகிறது. இளைய ஆய்மகள் ஒருத்தி நகத்தால் தெறித்த சிறிதளவு உறை ஒரு குடப் பாலையும் திரியச் செய்வது போல, ஒரு வீரன் பகைப்படை முழுமைக்கும் நோயானான் என்பது அப்பாடற் கருத்து. சிறு அளவு பெருங்கலத்தை மாற்றும் என்னும் பட்டறிவு உவமையாகும் அளவுக்குப் பொதுவாக இருந்துள்ளது. பல ஊர்ப் பாலை ஒரே தொட்டியில் சேர்க்கும் இக்காலத்தில் இவ்வுவமையின் பொருள் மேலும் விரிகிறது. ஒருவர் கொணர்ந்த கெட்ட பால் பலர் உழைப்பையும் பாழாக்கும்.

திருக்குறளின் 1000ஆம் குறள், பண்பில்லாதவன் பெற்ற செல்வத்துக்குக் கலத்தின் தீமையால் திரிந்த நல்ல பாலை உவமை கூறுகிறது. பால் நல்லதாகவே இருந்தும் ஏந்திய கலம் அதனைக் கெடுத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. கறவைக் கலத்தின் தூய்மையே பாலின் நுண்ணுயிர்த் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இன்றைய பால் அறிவியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று.

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில், குடத்துப் பால் உறையாமை தீநிமித்தமாகக் கூறப்படுகிறது. இளங்கோவடிகள் கூறுவது நிமித்தமேயன்றி அறிவியலன்று. எனினும், உறையிட்ட பால் உறையாவிடில் ஏதோ பிழை நேர்ந்துள்ளது என்னும் இல்லத்து அறிவு அந்நிமித்தத்தின் அடியில் உள்ளது. மாட்டுக்குச் செலுத்திய பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி பாலில் எஞ்சினால் உறையின் நுண்ணுயிரிகள் வளரா, பால் தயிராகாது. உறையின் வளர்ச்சி தடைப்படுகிறதா என நோக்குவது இன்றும் ஆய்வகங்களில் கையாளப்பெறும் சோதனை முறையாகும்.

கல்வெட்டில் அளவை

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குகளுக்கு நெய் வழங்க ஆடுமாடுகள் அளிக்கப்பட்ட செய்திகள் ஏராளம். ஒரு நந்தா விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் பொது வழக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்னும் ஈடு காணப்படுகிறது. அதாவது ஓர் எருமை மூன்று பசுக்களுக்கும் ஆறு ஆடுகளுக்கும் நிகராகக் கொள்ளப்பட்டது.

இவ்வீடு கறவையின் மிகுதியையும் பாலின் கொழுப்பையும் ஒருங்கே கருத்தில் கொண்டது எனலாம். பாலை அதன் கன அளவால் அன்றி, அது தரும் நெய்யால் மதித்தமை இதில் வெளிப்படுகிறது. அளக்கும் கருவியும் ஊருக்கு ஊர் வேறுபடாதிருக்க, ஆடவல்லான் முதலிய பெயர் பெற்ற அளவைகள் குறிக்கப்பட்டன. நம்பிக்கை இங்கு விற்பவரின் முகத்திலிருந்து பொது அளவைக்கு இடம் பெயர்ந்தது. ஆயினும் அளவை எவ்வளவு என்பதை மட்டுமே கூறும். எத்தகையது என்பதைக் கூறாது.

பால்மானியும் கெர்பர் முறையும்

அவ்வினாவுக்கு விடை காணும் கருவிகள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவாயின. பால்மானி பாலின் அடர்த்தியைக் காட்டுவது. நீர் கலந்தால் அடர்த்தி குறையும். கொழுப்பை நீக்கினால் அடர்த்தி கூடும். ஆகவே கொழுப்பை எடுத்துவிட்டு அதற்கேற்ப நீரைக் கலப்பவன் பால்மானியை ஏமாற்ற இயலும். இக்குறையை நீக்கியது கொழுப்பை நேரே அளக்கும் முறை. அமெரிக்காவின் ஸ்டீபன் பாப்காக் 1890இலும், அதனை அடுத்து ஸ்விட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பரும் இத்தகைய முறைகளை வகுத்தனர்.

இந்தியாவில் நிலைபெற்றது கெர்பர் முறை. கந்தக அமிலம் பாலின் புரதத்தைக் கரைத்துக் கொழுப்பை விடுவிக்கும். அமைல் ஆல்கஹால் கொழுப்பைத் தெளிவாகப் பிரியச் செய்யும். சுழற்சி இயந்திரத்தில் சுற்றிய பின் குழாயின் கழுத்தில் நிற்கும் கொழுப்பின் உயரத்தை விழுக்காடாகப் படிக்கலாம். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் வழிப் பரவிய ஆனந்த் முறைக் கூட்டுறவுச் சங்கங்கள் இச்சோதனையைச் சிற்றூருக்குக் கொண்டு வந்தன. உழவர் ஊற்றிய பாலுக்குக் கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் கொண்டு விலை கணிக்கப்பட்டது. எழுத்தறியாத பெண்ணும் தன் பாலின் எண்ணைக் கேட்டறிந்து வழக்காடும் உரிமை பெற்றமை இதன் சமூகப் பயன். தஞ்சைக் கல்வெட்டின் நெய்வழி மதிப்பீடு, வேறொரு வடிவில் மீண்டும் வந்தது எனலாம்.

கேரளத்தில் 1963இல் இடுக்கிப் பகுதியின் மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்திய–ஸ்விஸ் திட்டம் சுனந்தினி என்னும் கலப்பினம் உருவாக வழிவகுத்தது. 1980இல் மில்மா என அறியப்படும் கேரளக் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பு உருவாயிற்று. எனினும் மாநிலத்தின் தேவை உற்பத்தியை விஞ்சி நின்றது. ஓணம் போன்ற பண்டிகைக் காலங்களில் தமிழகம், கருநாடகம் ஆகியவற்றின் பால் பெருமளவில் எல்லை கடந்தது. மீனாட்சிபுரத்தின் முக்கியத்துவம் இதனால் விளைந்ததே.

எல்லையில் நிறம் காட்டும் சோதனைகள்

சோதனைச் சாவடியில் நோக்கப்படும் கலப்படங்களை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது, அளவைப் பெருக்க நீரைச் சேர்த்தல். இரண்டாவது, நீர் சேர்த்ததை மறைக்க யூரியா, மாவுப்பொருள், சர்க்கரை முதலியவற்றைச் சேர்த்தல். மூன்றாவது, கெடுவதைத் தடுக்க அல்லது கெட்டதை மறைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு, ஃபார்மலின், சோடா உப்பு ஆகியவற்றைச் சேர்த்தல். மாவுப்பொருளுக்கு அயோடின் நீலநிறம் தரும். சோடா உப்பு முதலிய காரப் பொருள்களுக்கு ரோசாலிக் அமிலம் ரோசாச் சிவப்பைத் தரும்.

யூரியாச் சோதனை தனிக் கவனத்துக்குரியது. யூரியா பாலில் இயல்பாகவே சிறிதளவு உள்ளது. ஆகவே அது இருப்பதன்று, வரம்பை மீறுவதே குற்றம். 100 மில்லி லிட்டருக்கு 70 மில்லி கிராம் என்பது அவ்வரம்பு. 2022 ஆகஸ்டில், ஓணம் நெருங்கிய வேளையில், மீனாட்சிபுரத்தில் தமிழகத்திலிருந்து வந்த 12,750 லிட்டர் பால் யூரியாக் கலப்புக்காகத் தடுத்து நிறுத்தப்பட்டது.

2023 ஜனவரியில் ஆரியங்காவில் நிகழ்ந்தது இச்சோதனைகளின் எல்லையைப் புலப்படுத்தியது. 15,300 லிட்டர் பால் ஏற்றி வந்த வண்டி பால்வளத் துறையால் நிறுத்தப்பட்டு, பாலில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் உணவுப் பாதுகாப்புத் துறை எடுத்த மாதிரியில் அப்பொருள் காணப்படவில்லை. மாதிரி எடுப்பதில் நேர்ந்த காலத்தாழ்வு குறித்து இரு துறைகளுக்கிடையே கருத்து வேறுபாடு வெளிப்படையாக எழுந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடு பாலில் நிலைத்து நிற்பதன்று. பாலிலுள்ள நொதிகளின் செயலால் நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையும். முதற் சோதனை பிழையா, இரண்டாம் சோதனை தாமதமா என்பதை எஞ்சிய பாலைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

இதன் வேர் சட்டத்தில் உள்ளது. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்துக்கு மாற்றாக, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டப்படி உணவுப் பாதுகாப்பு அலுவலரே மாதிரி எடுத்து, நான்கு பகுதிகளாக்கி முத்திரையிட வேண்டும். பகுப்பாய்வாளரின் அறிக்கைக்கு 14 நாள் காலம் உண்டு. சாவடியில் நிறத்தைக் கண்டவர் ஒருவர்; வழக்குத் தொடுக்கும் அதிகாரம் உடையவர் மற்றொருவர். இடைப்பட்ட நேரத்தில் சான்று சிதைகிறது. மேலும், வழக்குக்கான பால் மாதிரி கெடாதிருக்க அதில் ஃபார்மலினே சேர்க்கப்படுகிறது. விற்பவன் சேர்த்தால் குற்றமாகும் பொருள், சட்டத்தின் கையில் காப்புப் பொருளாகிறது.

நிறம் காட்டாத நஞ்சு

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018இல் 6,432 மாதிரிகளைக் கொண்டு நடத்திய நாடளாவிய ஆய்வில், 12 மாதிரிகளில் மட்டுமே உடல்நலத்துக்குக் கேடான கலப்படம் கண்டறியப்பட்டது. ஆனால் 5.7 விழுக்காட்டு மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அந்நஞ்சு மிகுந்து காணப்பட்ட முதல் மூன்று இடங்கள் தமிழ்நாடு, தில்லி, கேரளம் என்பன.

இந்நஞ்சை எவரும் பாலில் கலப்பதில்லை. ஈரமேறிப் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கையும் தீவனத்தையும் மாடு உண்ண, அதன் உடலில் மாற்றமுற்றுப் பாலில் வெளிப்படுகிறது. 72 செல்சியஸ் வெப்பத்தில் 15 நொடி பாஸ்டர் முறையில் சூடாக்கினாலும் அழிவதில்லை. சாவடியின் எளிய நிறச் சோதனைகளுக்கும் புலப்படாது. எல்லையின் இருபுறமும் இடம்பெற்ற இக்குறைக்கு எல்லையில் நிற்கும் காவல் விடையாகாது.

பெருமாட்டியின் அண்மை வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது. இவ்வூராட்சியின் பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கோக்கோ கோலா ஆலைக்கு 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது; 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உரமென உழவர்க்கு வழங்கப்பட்ட ஆலைக் கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003இல் பிபிசி வானொலிக்காகச் செய்யப்பட்ட ஆய்வு வெளிப்படுத்தியது. நிலமும் நீரும் தீவனமும் கறவையின் உடலும் ஒரே தொடர் என்பதை நன்கறிந்த ஊரிலேயே, அத்தொடரின் கடைசிக் கண்ணியைச் சோதிக்கும் சாவடியும் அமைந்துள்ளது.

முடிவுரை

பாலின் தரம் பற்றிய தமிழரின் நீண்ட வரலாற்றில் முகம், அளவை, அடர்த்தி, கொழுப்பு, நிறம் என நம்பிக்கையின் இருப்பிடம் படிப்படியாக மாறி வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றமும் முன்னையதன் ஒரு குறையை நீக்கியது. விற்பவரையும் வாங்குபவரையும் சற்றே விலக்கியும் வைத்தது. மீனாட்சிபுரத்துச் சாவடியில் நிற்கும் தொட்டி வண்டிக்கு முகமில்லை. நூற்றுக்கணக்கான தொழுவங்களின் பால் அதில் ஒன்றாகியுள்ளது. ஒரு துளி நிறம் மாறினால் அவை அனைத்தின் உழைப்பும் ஐயத்துக்குள்ளாகிறது. குற்றம் செய்தவர் யார் என்பது மட்டும் தெரிவதில்லை.

ஆகவே எல்லைச் சோதனை தேவையற்றது என்பது இதன் பொருளன்று. உண்போர் நலத்துக்கு அது இன்றியமையாதது. சோதிப்பவரும் வழக்குத் தொடுப்பவரும் ஒரே வேளையில் மாதிரி எடுத்தல், சிற்றூர்ச் சங்கத்திலேயே பாலைக் குளிரூட்டுதல், தீவனத்தை உலர்வாகச் சேமித்தல் ஆகியவை அச்சோதனைக்கு முன்னும் உடனும் நிகழ வேண்டியவை. நல்ல பால் கலத்தின் தீமையால் திரியும் என்று வள்ளுவர் உவமை கூறினார். அக்கலம் இன்று தொழுவத்தின் தீவனப் பானையில் தொடங்கி, எல்லை கடக்கும் எஃகுத் தொட்டி வரை நீண்டுள்ளது. அதன் முழு நீளத்தையும் தூய்மை செய்வதே பாலின் தரச்சோதனை வரலாறு அடுத்து எட்ட வேண்டிய நிலை எனலாம்.