கண்டி வளவின் திருமணமும் சரித்திரப் படமும்

சுனில் ஆரியரத்ன இயக்கிய ‘எஹெலபொல குமாரிஹாமி’ 2014இல் திரைக்கு வந்தது. அதன் மூலக்கதையை இலங்கையில் அறியாதவர் குறைவு. 1814இல் சப்ரகமுவையில் இருந்த மகா அதிகாரம் (முதலமைச்சர்) எஹெலபொல கண்டி அரசனுக்கு எதிராகத் திரும்பினார். கண்டியில் இருந்த அவருடைய பிள்ளைகள் கொல்லப்பட்டனர். மனைவி குமாரிஹாமி போகம்பரைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டார். இந்தக் கதை தலைமுறை தலைமுறையாகத் தாய்மையின் கதையாக, கணவனுக்காக உயிர்நீத்த மனைவியின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் அந்தக் குடும்பம் ஏன் கண்டியில் இருந்தது என்பதிலிருந்தே ஆய்வு தொடங்க வேண்டும். தொலைதூர மாகாணத்தை ஆளச் செல்லும் பிரதானி தன் மனைவி மக்களைத் தலைநகரில் விட்டுச் செல்வது அக்கால அரச வழக்கம். ரதல எனப்பட்ட பிரபு குலத்தவரின் இல்லறம் அரசன் கையில் இருந்த பிணை. சரித்திரப் படம் கண்டிய உடையை மீட்டுத் தருகிறது; அந்த உடைக்குள் அது வைப்பதோ பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் செதுக்கிய மனைவியை. இதுவே என் வாதம்.

கண்டிய மரபில் திருமணம் இருவகை. தீக முறையில் பெண் கணவன் வீட்டுக்குப் போகிறாள். தந்தையின் நிலத்தில் அவளுக்கிருந்த உரிமை போய்விடும். பின்ன முறையில் ஆண் பெண்வீட்டுக்கு வருகிறான். அவள் பிறந்த வீட்டு நிலம் அவளிடமே நிற்கும், அவனை அனுப்பிவிடவும் பெண்வீட்டாரால் முடியும். சகோதரர் இருவர் ஒருத்தியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்து நிலம் துண்டாகாமல் காத்த வழக்கமும் உண்டு. ‘ஏக கே’, அதாவது ஒரே வீடு என்று அதைச் சொன்னார்கள். 1660இல் கண்டி அரசனிடம் பிடிபட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் தம் நூலில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். அவர் ‘திக்லிகி’ என்று குறிப்பிடும் அரசிருக்கை இன்றைய ஹங்குரன்கெத்த. 1664 கிளர்ச்சிக்குப் பின் இரண்டாம் இராஜசிங்கன் ஒதுங்கி வாழ்ந்த இடம் அது. பழைய ஹேவாஹெட்டப் பிரிவுக்குள் அடங்கியது. ஆகவே ஹேவாஹெட்ட மலைகளுக்கு இந்தத் திருமண முறைகள் அயலான செய்தியல்ல.

1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பலகணவர் மணத்தைத் தடைசெய்து, பதிவைக் கட்டாயமாக்கியது. ஒழுக்கத்தின் பெயரால் வந்த சட்டம் அது. கண்டியப் பிரதானிகள் சிலரும் அதை வேண்டினர். பதிவில்லாத மணங்கள் செல்லாமல் போக, பிள்ளைகளின் உரிமை கேள்விக்குள்ளானது. 1870இல் 3ஆம் இலக்கச் சட்டம் இருவரும் ஒத்துப் பிரிவதை மீண்டும் அனுமதித்தது. இதே காலத்தில், 1867இல், ஹேவாஹெட்டயின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பேன். வாரிசு யார் என்பது திட்டமாகத் தெரியாத நிலத்தை விலைபேசுவது கடினம். ஒரே கணவன், ஒரே பதிவு என்ற ஒழுங்கு நிலச் சந்தைக்கும் வசதியாயிருந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழிவந்த நாம் இதைப் பிறர் வரலாறு என்று விட்டுவிட முடியாது.

திருமணம் நிலத்தை மட்டுமல்ல, அரியணையையும் தீர்மானித்தது. கண்டியில் நாயக்கர் ஆட்சியும் ஒரு திருமணத்தின் விளைவே. 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அரியணை ஏறியது முந்தைய அரசனுடைய அரசியின் உடன்பிறந்தவர் என்ற உறவால்.

குமாரிஹாமியைப் பற்றியும் இவ்வாறே, அவர் யாருடைய உடன்பிறந்தவர் என்று கேட்கவேண்டும். அவர் எஹெலபொலவின் மனைவி மட்டுமல்ல, பிரதானி கெப்பெட்டிபொலவின் சகோதரி. 1814இன் தண்டனை இரு வளவுகளின், அதாவது இரு பிரபு வீடுகளின் மீது விழுந்த அடி. பிரித்தானியருக்கு எதிரான 1818 கிளர்ச்சியை நடத்திக் கொல்லப்பட்டவர் அந்தச் சகோதரரே. கணவருக்கும் மனைவிக்கும் இடையிலான காட்சிகளை மட்டும் நீட்டினால் பிறந்த வீட்டின் கனம் மறைந்துவிடுகிறது.

பின்ன முறையில் வந்த கணவன் கைத்தடி, தீவட்டி, தாளிப்பனை ஓலை மூன்றையும் மனைவியின் அறைவாசலில் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது பழைய கண்டிய வழக்கு. எந்த இரவிலும், மழையிலும், நோயிலும் அவன் வெளியேற நேரலாம். கலை இயக்குநர் ஒருவர் அந்த மூன்றையும் வளவின் வாசலில் சாய்த்து வைத்தால் போதும். வீடு யாருடையது என்பது ஒரு வசனமும் இல்லாமல் விளங்கிவிடும்.